பழைய காரும் பழகிய கைகளும்

ஏப்ரல் மாதம் பிறந்துவிட்டால் நுவரெலியாவுக்குப் புதிய களை வந்துவிடுகிறது. கொழும்பின் வெயிலுக்கு அஞ்சியோர் குளிர் தேடி மலையேறி வருகின்றனர். பூங்காவிலே மலர்க் கண்காட்சி. திடலிலே குதிரைப் பந்தயம். கிரகரி ஏரிக்கரையிலே குழந்தைகளின் ஆரவாரம். இவற்றுக்கு நடுவே, நகரை அடுத்துள்ள மகஸ்தோட்டைத் தேயிலைச் சரிவிலிருந்து எஞ்சின்களின் உறுமலும் எழுகிறது. 1934ஆம் ஆண்டு தொடங்கிய மலையேற்றக் கார்ப் போட்டியின் ஓசை அது. கார்கள் ஒன்றையொன்று முந்தியோடும் பந்தயமன்று இது. ஒவ்வொரு காரும் தனியாகப் புறப்பட்டு, வளைந்து வளைந்து மேலேறும் குறுகிய தோட்டத்துச் சாலையிலே கடிகாரத்தோடு மட்டும் போட்டியிட்டு உச்சியை எட்ட வேண்டும்.

புதிய கார்கள் இடிபோல் முழங்கிக்கொண்டு பாய்ந்து செல்வதைக் காண இளைஞர் கூட்டம் திரளுகிறது. ஆயினும் இத்தகைய மலைச்சாலையில், கம்பிச் சக்கரங்களும் நீண்ட முகப்பும் கொண்ட பழைய ஆங்கிலக் கார் ஒன்று தள்ளாடாமல் மேலேறி வருமானால், முதியவர்களின் கண்கள் அதன்மீதே நிலைத்து நிற்கும். அறுபது, எழுபது ஆண்டுகளைக் கண்ட இரும்பு இன்னும் மூச்சு விடுகிறதே என்ற வியப்பு அது. அந்த மூச்சு எங்கிருந்து வந்தது, அதைக் காத்துக் கொடுத்தவர் யார் என்ற கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து.

ஹட்டனில் ஓர் ஆசிரியரை நம் மனக்கண்முன் நிறுத்திக்கொள்வோம். இளமையில், கையிலிருந்த சிறு தொகையைக் கொடுத்து, யாரோ கைவிட்ட எம்.ஜி. கார் ஒன்றை வாங்கினார். சில ஆண்டுகள் அதில் உலாவினார். பிறகு திருமணம், பிள்ளைகள், அவர்களின் படிப்பு. இரண்டே பேர் அமரக்கூடிய காருக்குக் குடும்பத்தில் இடமேது? கார் கொட்டகைக்குள் போயிற்று. அதன்மேல் தார்ப்பாய் விழுந்தது. தார்ப்பாய்மேல் முப்பது ஆண்டுகளின் மழைச்சாரல் விழுந்தது. ஓய்வு பெற்ற மறுநாள் ஆசிரியர் தார்ப்பாயை விலக்குகிறார். இவர் தொழில்முறை மெக்கானிக் அல்லர். ஆர்வமே இவருக்குக் குரு, பொறுமையே முதலீடு. இப்படிப்பட்டவர்கள் உலகெங்கும் இருக்கின்றனர். பெயர் சொல்லாமலே இவரை நாம் அறிந்துகொள்ளலாம்.

அவர் கையில் அகப்பட்ட காரின் குலவரலாறு சுவையானது. ஆக்ஸ்போர்டு நகரில் வில்லியம் மொறிஸ் நடத்திய 'மொறிஸ் கராஜஸ்' என்னும் நிலையத்தின் முதலெழுத்துக்களே எம்.ஜி. அங்கே மேலாளராக இருந்த செசில் கிம்பர் என்பவர், சாதாரண மொறிஸ் காரின் உறுப்புகளைக் கொண்டே இலகுவான, வேகமான, சாமானியரும் வாங்கக்கூடிய விளையாட்டுக் கார்களை உருவாக்கினார். 1929இல் தொழிற்சாலை அபிங்டன் என்னும் சிற்றூருக்குப் பெயர்ந்தது. இரண்டாம் உலகப் போர் ஓய்ந்த 1945இல் டீ.ஸீ. என்ற வகை வெளிவந்தது. 1949 வரையில் ஏறத்தாழ 10,000 கார்கள் செய்யப்பட்டன. ஆனால் கிம்பர் அதைக் காணக் கொடுத்து வைக்கவில்லை. அதே 1945இன் தொடக்கத்தில் லண்டனில் நேர்ந்த ரயில் விபத்தில் அவர் மாண்டார். அபிங்டன் தொழிற்சாலையும் 1980இல் கதவடைத்தது. பெற்றவனும் இல்லை, பிறந்த வீடும் இல்லை. பிள்ளை மட்டும் எங்கோ ஒரு மலைநாட்டுக் கொட்டகையில் உயிரோடு கிடக்கிறது!

ஆசிரியர் ஸ்பெனரை எடுத்து வேலையைத் தொடங்குகிறார். முதற் போல்ட்டிலேயே புதிர் காத்திருக்கிறது. போல்ட்டின் தலைக்கு ஆங்கில அளவு ஸ்பெனர் கச்சிதமாகப் பொருந்துகிறது. கழற்றிப் பார்த்தால் புரியோ மெட்ரிக் அளவில் இருக்கிறது! தலை ஆங்கிலம், உடல் பிரெஞ்சு. காரணம் வரலாற்றில் இருக்கிறது. ஹொட்ச்கிஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனிக்கு இங்கிலாந்தின் கொவென்ட்ரி நகரில் எஞ்சின் தொழிற்சாலை ஒன்று இருந்தது. 1923இல் மொறிஸ் அதை விலைக்கு வாங்கினார். புரி வெட்டும் பொறிகள் யாவும் பிரெஞ்சு அளவில் இருந்தன; ஊழியர் கையிலிருந்த ஸ்பெனர்களோ ஆங்கில அளவின. பொறிகளையும் மாற்றாமல், ஸ்பெனர்களையும் மாற்றாமல், இரண்டையும் ஒரே போல்ட்டில் இணைத்துவிட்டார்கள். டீ.ஸீ. காரின் 1,250 கன சென்டிமீட்டர் எஞ்சின் வரையில் அந்த வழக்கம் தொடர்ந்தது. இதை அறியாமல் கடையில் கிடைத்த ஆங்கிலப் புரிப் போல்ட்டை முறுக்கித் திணித்தவர்கள் கெடுத்த துளைகள் பல. பழைய இயந்திரத்தைத் திருத்துவோன் முதலில் அதன் சரித்திரத்தைப் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமா?

அடுத்தது உடற்கூடு. வெளியே தகடு, உள்ளே மரச்சட்டம். 'ஆஷ்' என்னும் ஆங்கில நாட்டு மரம் அது. வளைந்து கொடுக்கும், எளிதில் பிளக்காது என்பதால் வண்டி செய்வோர் விரும்பிய மரம். மலைநாட்டின் ஈரத்திலே அது உட்புறமாக இற்றுப்போகிறது. வெளியே பளபளப்பாக நிற்கும் கதவைத் திறந்தால், கீல் மரத்தோடு கையில் வந்துவிடுகிறது. நம் தச்சரின் கைக்குப் பழகியவை பலாவும் தேக்கும். அவர் அளவெடுத்துச் செதுக்கிப் பொருத்தும்போது, அபிங்டனின் வரைபடம் ஹட்டனின் மரத்தில் மறுபிறவி எடுக்கிறது.

அதன்பின் கார்புரேட்டர். டீ.ஸீ. காருக்கு எஸ்.யூ. வகைக் கார்புரேட்டர்கள் இரண்டு. ஸ்கின்னர் சகோதரர்கள் கண்டுபிடித்ததால் 'ஸ்கின்னர்ஸ் யூனியன்' என்று பெயர் பெற்றது. எஞ்சின் காற்றை எவ்வளவு உறிஞ்சுகிறதோ அவ்வளவுக்கு உள்ளிருக்கும் பிஸ்டன் மேலெழும். அதனோடு கூர்நுனி ஊசியொன்றும் எழுந்து பெட்ரோலுக்கு வழிவிடும். எளிமையான, அழகான ஏற்பாடு. ஆனால் நுவரெலியா கடல் மட்டத்துக்கு 6,000 அடிக்கும் மேலே இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் கொழும்பில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். காற்று மெலிய, பெட்ரோல் மிஞ்சுகிறது. கொழும்பிலே கச்சிதமாக ஓடிய கார் நுவரெலியாவிலே கரும்புகை கக்கித் திணறுகிறது. கார்புரேட்டரின் அடியிலுள்ள நட்டைச் சிறிது சிறிதாகத் திருகி மேலேற்றி, பெட்ரோலைக் குறைக்க வேண்டும். இரண்டு கார்புரேட்டர்களும் ஒரே அளவாக மூச்சு வாங்குகின்றனவா என்பதை, ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, வைத்தியர் நெஞ்சைச் சோதிப்பதுபோலக் கேட்டறிவார்கள். தண்ணீரும் அந்த உயரத்தில் 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. அழுத்த மூடி இல்லாத பழைய ரேடியேட்டர், றம்பொடைக் கணவாயின் ஏற்றத்தில் ஆவி கக்குவதில் வியப்பென்ன? வழியிலுள்ள ஓடையில் வாளியை நனைத்துக்கொண்டு நின்ற பழைய சாரதிகள், பௌதிக நூலைப் படியாமலே அந்த உண்மையை அறிந்திருந்தார்கள்.

பிரித்துப் பார்த்தே கற்பது நம்மவர்க்குப் புதிதன்று. 1893இல் பிறந்த கோயம்புத்தூர் ஜி.டி.நாயுடு இளமையில் ஆங்கில அதிகாரி ஒருவரின் 'ரட்ஜ்' மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கினார். ஹோட்டலில் பரிமாறும் வேலை செய்து பணம் சேர்த்தார். அந்த வண்டியையே வாங்கினார். வாங்கியவர் ஏறிச் சவாரி போனதோடு நிற்கவில்லை. அக்கக்காகக் கழற்றி மறுபடி பூட்டினார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அவர் பஸ் ஓட்டத் தொடங்கியதற்கும், பின்னர் தொழில் மேதையாக உயர்ந்ததற்கும் அந்தக் கழற்றலே அரிச்சுவடி. எஜமானின் வண்டியைப் பார்த்து ஏங்குவது ஒரு நிலை. அதன் உள்ளுறுப்பு ஒவ்வொன்றையும் கையால் அறிந்துகொள்வது மற்றொரு நிலை. இரண்டாவது நிலையை அடைந்தவனுக்கு எஜமான் தேவையில்லை.

இனி நம் ஆசிரியரிடம் திரும்புவோம். எஞ்சினின் தண்ணீர்ப் பம்பை அவர் கழற்றுகிறார். உள்ளே இருக்கும் சுழல்தண்டு அபிங்டனிலிருந்து வந்ததன்று. யாரோ ஒருவர் வேறு ஏதோ இயந்திரத்தின் எஃகுத் தண்டைக் கடைசற்பொறியில் ஏற்றி, அளவுக்குக் கடைந்து, பித்தளையில் புஷ்ஷும் செய்து பொருத்தியிருக்கிறார். பித்தளையின் ஓரத்தில், உளியால் தட்டிய ஒரே ஒரு தமிழெழுத்து: 'மு'.

இப்படி ஒரு பொருள் நம் மலைநாட்டுக் கார்களில் கிடைப்பதற்குத் தக்க காரணம் உண்டு. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகின. 1977இல் அவை தளரும்வரை புதிய கார் என்பது பெரும்பாலோருக்குக் கனவு. உதிரிப் பாகமோ குதிரைக் கொம்பு. இருந்த கார்களை இருந்தபடியே ஓட வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்தப் பாரம் கராஜ் ஃபிட்டர்கள்மீது விழுந்தது. அவர்கள் வெறுங்கையோடு நின்றவர்களல்லர். தேயிலைத் தொழிற்சாலைகளே அவர்களின் பள்ளிக்கூடம். பெல்பாஸ்ட் நகரத்துச் 'சிரோக்கோ' உலர்த்திகள், கெய்ன்ஸ்பரோ நகரத்து 'மார்ஷல்' உருளைகள் முதலிய இயந்திரங்களை இரவும் பகலும் ஓட வைத்துப் பழகிய கைகள் அவை. தோட்டங்களின் இயந்திர வேலைக்கென்றே ஹட்டனில் 1875இலேயே பிரவுண் கம்பெனி நிறுவப்பட்டது என்பதையும் நினைவுகூரலாம். கொழுந்து வாடுவதற்குள் உருளை ஓடியாக வேண்டும். கப்பலில் பாகம் வரும்வரை தேயிலை காத்திருக்காது. அந்த அவசரத்தில் கற்ற வித்தைதான் துரைமாரின் கார்களையும் காத்தது.

இந்த வித்தை எவ்வளவு தூரம் போயிற்றென்றால், 1990களில் இலங்கையில் செய்யப்பட்ட மொறிஸ் மைனர் உதிரிப் பாகங்கள் இங்கிலாந்தின் பாத் நகரத்துக்குக் கப்பலேறின. அந்தக் காரைப் பெற்ற நாட்டுக்கே நாம் அதன் உறுப்புகளைச் செய்து அனுப்பினோம்!

ஆசிரியருக்கு இப்போது ஒரு சங்கடம். டீ.ஸீ. காருக்கான புதிய பாகங்களை இன்று இங்கிலாந்திலிருந்து தபாலில் வரவழைத்துவிடலாம். அசல் வரைபடத்தின்படி செய்த பம்பைப் பூட்டினால், போட்டிகளில் நடுவர்கள் மெச்சுவார்கள். காரின் விலையும் உயரும். அப்படியானால் 'மு' என்ற எழுத்தை என்ன செய்வது? பழைய இரும்போடு எறிந்துவிடுவதா?

பழைய கார் உலகில் இது தீராத வழக்கு. தொழிற்சாலையை விட்டு வெளிவந்த முதல் நாளின் தோற்றத்தையே மீட்க வேண்டும் என்பது ஒரு கட்சி. கார் வாழ்ந்த வாழ்க்கையின் வடுக்களும் அதன் சொத்தே என்பது மறுகட்சி. எலிசபெத் அரசியாரின் கணவர் பிலிப் இளவரசர், கடற்படை இளைஞராக இலங்கையில் இருந்தபோது 1940இல் வாங்கிய 1935ஆம் ஆண்டு ஸ்டாண்டர்ட் கார், கொழும்பு காலிமுக ஹோட்டலில் காட்சிப் பொருளாகியிருக்கிறது. காண்போர் நினைவில் கொள்வது யாருடைய கார் என்பதைத்தான். யார் அதை ஓட வைத்தார் என்று கேட்பவர் அரியர்.

மலைநாட்டிலே அந்தக் கேள்விக்கு ஒரு தனிக் கனம் உண்டு. இக்கார்கள் ஓடிய சாலைகளை அளந்து வகுத்த தோமஸ் ஸ்கின்னரின் பெயரை வரலாறு போற்றுகிறது. அவற்றை வெட்டிய மண்வெட்டிகளை ஏந்தியோர் பெயர் எங்கும் இல்லை. அந்தக் கூட்டத்திலே தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரும் இருந்தனர். மன்னாரில் இறங்கி, மாத்தளை வரை காட்டு வழியே நடந்து, வழியிலே நோய்க்கும் பசிக்கும் பலரைப் பலிகொடுத்து வந்தவர்களின் சந்ததியே லயங்களில் குடியேறியது. அவர்களில் சிலர் ஃபிட்டரானார்கள், சாரதியானார்கள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. ஒரு கணம் இதை எண்ணிப் பாருங்கள். கடல் கடந்து வந்த காருக்குப் பதிவுப் புத்தகம் இருந்தது, எண் இருந்தது, உரிமையாளர் பெயர் ஒன்றன்பின் ஒன்றாக எழுதப்பட்டிருந்தது. அந்தக் காரின் அடியிலே மல்லாந்து கிடந்து, முகத்திலே எண்ணெய் சொட்டச் சொட்ட அதைத் திருத்தியவனுக்குத் தான் எந்நாட்டான் என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

1964இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகியது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று கணக்கிட்டார்கள். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பங்கிட்டார்கள். தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர்களுடன் கொழுந்து பறிக்கும் விரல்களும் போயின. கடைசற்பொறி பிடித்த கைகளும் போயின. 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின; வெள்ளைத் துரைமாரும் விடைபெற்றனர். கார் வைத்திருந்தவரும் போனார். கார் திருத்தியவரும் போனார். இருவரும் பிரிந்த இடத்திலே கார் மட்டும் நின்றது. எஞ்சியிருந்த மக்களுக்குக் குடியுரிமை முழுமையாகக் கிடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இப்போது அந்த ஓரெழுத்தைப் பாருங்கள். முத்தையாவா, முனியாண்டியா, முருகேசுவா? நமக்குத் தெரியாது. ஆனால் அவர் தம் வேலைக்குக் கையொப்பம் இட்டிருக்கிறார். எந்த அரசாங்கப் பத்திரத்திலும் இடம் பெறாத ஒருவர், யாரும் காணாத இடத்தில், தண்ணீரும் துருவும் சூழ்ந்த பம்புக்குள்ளே, 'நான் இருந்தேன்' என்று எழுதி வைத்தார். பளபளப்புக்காக அதை எறிந்துவிடுவது, வாசித்து முடிக்காத கடிதத்தை அடுப்பில் இடுவதற்கு ஒப்பாகும்.

அதற்காக, பழையன எல்லாவற்றையும் கண்மூடிக் காக்க வேண்டும் என்று யாம் வாதிடவில்லை. தடையும் திருப்புத் தண்டும் உயிரோடு விளையாடும் உறுப்புகள். அவற்றில் ஐயம் எழுந்தால் புதியதே பூட்ட வேண்டும். மலைச்சரிவில் பிரேக் விட்டுப்போனால் சரித்திரம் வந்து காப்பாற்றாது. ஆனால் பம்பின் தண்டை அளந்து பார்க்கலாம். தேயாமல் இருந்தால் மறுபடி பூட்டலாம். தேய்ந்திருந்தால் கழற்றி, துணியில் சுற்றி, எங்கே இருந்தது என்று எழுதிப் பேழையில் வைக்கலாம். திருத்தும் வேலைக்கென ஒரு குறிப்பேடு வைத்து, கழற்றிய ஒவ்வொரு பொருளையும், அது எங்கே எப்படிச் செய்யப்பட்டதாகத் தோன்றுகிறது என்பதையும் பதிந்து வைப்பது அரிய தொண்டு. காரின் பதிவுப் புத்தகம் உரிமையாளர்களின் வரலாறு; இந்தக் குறிப்பேடு உழைத்தோரின் வரலாறு.

ஆசிரியப் பெருமக்களுக்கும் மாணவ அன்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம். கார் வைத்திருந்தால்தான் இதைச் செய்ய வேண்டும் என்பதில்லை. ஹட்டனிலும் தலவாக்கலையிலும் நுவரெலியாவிலும், தம் இளமையைக் கராஜ்களிலும் தேயிலைத் தொழிற்சாலைகளிலும் கழித்த முதியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். உதிரிப் பாகம் இல்லாத காலத்தில் எதைக் கொண்டு எதைச் செய்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். விடையில் பௌதிகம் இருக்கும், பொருளாதாரம் இருக்கும், புலம்பெயர்வின் கண்ணீரும் இருக்கும். 2020இல் வாகன இறக்குமதி மறுபடி நிறுத்தப்பட்டு ஏறத்தாழ ஐந்தாண்டு நீடித்தபோது, பழைய வித்தையின் அருமையை நாடு மீண்டும் உணர்ந்தது. கற்றவர் மறைந்தபின் வித்தையைத் தேடினால் கிடைக்காது.

ஓர் ஏப்ரல் காலையில் நம் ஆசிரியர் தம் காரை நுவரெலியாவுக்கு ஓட்டி வருவதாக எண்ணிக்கொள்வோம். பச்சை வண்ணம் புதியது; தோலிருக்கை புதியது; கதவின் மரம் நம் நாட்டுப் பலா. ஏற்றத்திலே எஞ்சின் சற்றே இருமுகிறது, பிறகு சீராகிறது. சாலையோரம் நிற்பவர்கள் 'துரை காலத்துக் கார்' என்று தமக்குள் பேசிக்கொள்கிறார்கள். ஆசிரியர் புன்னகை செய்கிறார். முகப்புக்குள்ளே, சூடேறிய தண்ணீருக்கு நடுவே, அந்தச் சிறு பித்தளை எழுத்து தண்டைத் தாங்கியபடி தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.